சக்சினிக் அமிலத்துக்கு ஈ.கோலையா, ஈஸ்ட்டா, பசுவின் இரைப்பை பாக்டீரியாவா?

2012 தொடங்கி 2015 முடிவதற்குள், சக்சினிக் அமிலம் என்ற ஒரே பொருளைச் சர்க்கரையிலிருந்து நொதிக்கவைத்துத் தயாரிக்கும் நான்கு பெரிய ஆலைகள் உலகில் திறக்கப்பட்டன. இத்தாலியின் கசானோ ஸ்பினோலாவில் ரெவெர்டியா, அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் லேக் பிராவிடன்ஸில் மிரியண்ட், பார்சிலோனாவை அடுத்த மோன்ட்மெலோவில் சக்சினிட்டி, கனடாவின் சார்னியாவில் பயோஆம்பர். நான்கும் நான்கு வெவ்வேறு நுண்ணுயிர்களை நம்பின. ரெவெர்டியா எடுத்துக்கொண்டது ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்ட். மிரியண்ட் எடுத்தது ஈ.கோலை பாக்டீரியா. சக்சினிட்டியின் கையில் இருந்தது பசுவின் முதல் இரைப்பையில் கண்டெடுத்த பாஸ்ஃபியா என்ற பாக்டீரியா. பயோஆம்பர் இசாட்சென்கியா ஓரியன்டாலிஸ் என்ற, அமிலத்தைத் தாங்கும் வேறொரு ஈஸ்ட்டை வைத்து ஆலை கட்டியது.

நுண்ணுயிரை மாற்றியமைத்துத் தொழிற்சாலை வேதிப்பொருள் தயாரிக்க நினைக்கும் எவருக்கும் இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது. பொருள் ஒன்று, மூலப்பொருள் ஏறத்தாழ ஒன்று, காலமும் ஒன்று. மாறியது உயிர் மட்டுமே. ஆகவே எந்த உயிரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை இந்த அமிலத்தை வைத்தே பேசுகிறேன்.

சக்சினிக் அமிலம் நான்கு கார்பன் கொண்ட சிறிய மூலக்கூறு. மட்கும் பிளாஸ்டிக், பாலியூரித்தேன், உணவுக்குப் புளிப்பூட்டும் பொருள் எனப் பல இடங்களில் பயன்படுகிறது. பெட்ரோலிய வழியில் பியூட்டேனை மலெயிக் அன்ஹைட்ரைடாக மாற்றி, அதில் ஹைட்ரஜன் சேர்த்துச் செய்கிறார்கள். 2004-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, சர்க்கரையிலிருந்து தயாரிக்கத் தகுந்த முக்கிய வேதிப்பொருள்களின் பட்டியலை வெளியிட்டபோது இந்த அமிலத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. இதை உருவாக்கும்போது செல் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக் கட்டுகிறது. கோட்பாட்டளவில் 100 கிராம் குளுக்கோஸிலிருந்து 112 கிராம் அமிலம் வரை கிடைக்கலாம். எத்தனாலில் சர்க்கரையின் பாதி எடை வாயுவாகப் பறந்துவிடுகிறது; இங்கே போட்டதைவிட அதிகமாக எடுக்கலாம். இத்தனை ஆய்வுக் குழுக்கள் இதன்மேல் விழுந்து உழைத்ததில் வியப்பில்லை.

பெரும்பாலான ஆய்வகங்களில் உயிரைத் தேர்ந்தெடுக்கும் விதம் ஒன்றுதான்: மரபணுவை எதில் எளிதாக மாற்றலாம், ஒரு லிட்டரில் எவ்வளவு கிராம் வருகிறது. இந்த வரிசை தவறு என்பதே என் உறுதியான கருத்து. முதல் கேள்வி, நொதிகலனிலிருந்து வெளியே வரும் திரவத்தில் பொருள் எந்த வடிவில் இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க என்ன செலவாகும் என்பதாகவே இருக்க வேண்டும். மரபணுக் கருவிகள் எவ்வளவு எளியவை என்பது அதற்குப் பிறகு வரவேண்டிய கேள்வி.

முதலில் ஈ.கோலை. அதன் பக்கம் நிற்கும் வாதங்கள் வலுவானவை. இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அதன் மரபணுத் தொகுதி வரி வரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மரபணுவை நீக்கவோ சேர்க்கவோ சில நாட்கள் போதும். புளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்ராம் குழு 2008-ஐ ஒட்டி இதில் செய்த வேலையை இன்றைக்கும் மாணவர்கள் பாடமாகப் படிக்க வேண்டும். காற்றில்லாத நிலையில் ஈ.கோலை சர்க்கரையை லாக்டிக் அமிலம், எத்தனால், அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் எனப் பல வழிகளில் கழிக்கிறது. சக்சினிக் அமிலம் அவற்றில் ஒரு சிறு பங்கு. குழு மற்ற வழிகளுக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கியது. இனி செல் சர்க்கரையை உடைக்கும்போது சேரும் எலக்ட்ரான்களை இறக்கிவைத்துத் தன் கணக்கைச் சரிக்கட்ட வேண்டுமானால் சக்சினிக் அமிலத்தைத்தான் உருவாக்கியாக வேண்டும். அதை வேகமாக உருவாக்கும் செல் வேகமாக வளரும். பிறகு புதிய வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றி மாற்றித் தொடர்ந்து வளர்த்தார்கள். தேர்வை இயற்கை செய்தது. கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கும்போதே ஆற்றலையும் மிச்சப்படுத்தும் ஒரு நொதி, வழக்கமாக அந்தத் திசையில் பெரிதாக வேலை செய்யாதது, இந்த ரகங்களில் தானாகவே முதன்மை வழியாகிவிட்டது. அன்னிய மரபணு ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. இங்ராம் குழுவின் இந்தத் தொழில்நுட்பத்தைத்தான் மிரியண்ட் உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது.

சிக்கல் அமிலத்தில் தொடங்குகிறது. சக்சினிக் அமிலம் இரண்டு புரோட்டான்களை விடக்கூடியது; அவை விடுபடும் நிலைகள் பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.2, 5.6 ஆகியவற்றை ஒட்டி அமைந்திருக்கின்றன. பி.எச். 3-இல் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 94 விழுக்காடு முழு அமிலமாகவே இருக்கும். பி.எச். 7-இலோ அமிலம் என்று சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சாது, எல்லாம் உப்பு. ஈ.கோலைக்குப் பிடித்தது 7-ஐ ஒட்டிய நிலை. புளிப்பு ஏறினால், முழு அமில மூலக்கூறு செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்து அங்கே புரோட்டானை உதிர்க்கிறது. அதை வெளியேற்றுவதிலேயே செல்லின் ஆற்றல் முழுவதும் போய்விடுகிறது. உறை ஊற்றிய பாலில் உள்ள பாக்டீரியா தயிரை ஓர் எல்லைக்கு மேல் புளிக்க வைக்க முடியாமல் நின்றுபோவதும் இதனால்தான். எனவே ஈ.கோலை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டுமானால், அமிலம் உருவாக உருவாகக் காரத்தை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படி ஊற்றினால் கிடைப்பது சக்சினிக் அமிலம் அல்ல, அதன் உப்பு. வாங்குபவருக்கு வேண்டியது அமிலம். உப்பை மீண்டும் அமிலமாக்கக் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பைக் காரமாகப் பயன்படுத்தியிருந்தால், ஒரு டன் சக்சினிக் அமிலத்துக்குச் சுமார் 1.46 டன் ஜிப்சம் மிஞ்சும். அமோனியாவைப் பயன்படுத்தியிருந்தால் 1.12 டன் அமோனியம் சல்பேட். இது மூலக்கூறு எடைகளை வைத்துப் போட்ட எளிய கணக்கு. எவரும் ஒரு தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். அதாவது ஆலையிலிருந்து வெளியேறும் பொருள்களில் சக்சினிக் அமிலம் இரண்டாம் இடத்தில் இருக்கும். அமோனியம் சல்பேட் உரமாக விற்கும் என்பது உண்மைதான், ஆனால் உரத்தின் விலைக்குத்தான் விற்கும். காரத்தைத் திரும்ப மீட்டுச் சுழற்சியில் விடும் முறைகளும், மின்சாரத்தின் உதவியால் சவ்வுகள் வழியே உப்பைப் பிரிக்கும் முறைகளும் இருக்கின்றன. அவை செலவை இரசாயனக் கணக்கிலிருந்து மின்கட்டணத்துக்கும் முதலீட்டுக்கும் இடம் மாற்றுகின்றன; ஒழித்துவிடுவதில்லை.

பசுவின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் வேறு வகையில் ஈர்க்கின்றன. அந்த இரைப்பையில் ஆக்சிஜன் கிடையாது, கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். அங்கே வாழ்ந்து பழகியவை இந்த அமிலத்தை இயற்கையாகவே ஏராளமாக உருவாக்குகின்றன. அமெரிக்காவின் மிச்சிகனில் ஆராயப்பட்ட ஆக்டினோபாசில்லஸ் சக்சினோஜெனஸ், தென் கொரியாவில் சாங் யுப் லீ குழு கண்டெடுத்த மன்ஹைமியா, ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் வளர்த்தெடுத்த பாஸ்ஃபியா மூன்றும் உறவுக்காரர்கள். மன்ஹைமியாவில் 2020-இல் வெளியான ஆய்வு லிட்டருக்கு 134 கிராம் அமிலத்தையும், உச்ச வேகமாக லிட்டருக்கு மணிக்கு 21 கிராமையும் காட்டியது. அந்த முன்னேற்றத்துக்கு முக்கியக் காரணம், வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுத்துப் பொருத்திய ஒரே ஒரு நொதி. இந்த வேகம் மலைக்க வைப்பது. வேகம் கூடினால் அதே உற்பத்திக்குச் சிறிய நொதிகலன் போதும், முதலீடு குறையும்.

ஆனால் இவையும் நடுநிலை பி.எச். உயிர்களே. மேலே சொன்ன உப்புக் கணக்கு இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். போதாததற்கு, சொகுசான இடத்தில் வளர்ந்தவை என்பதால் சில வைட்டமின்களையும் அமினோ அமிலங்களையும் வெளியிலிருந்து கேட்கும். அவற்றுக்காக ஈஸ்ட் சாறு போன்றவற்றைச் சேர்த்தால் செலவு ஒரு பக்கம். அந்தச் சாற்றிலுள்ள நிறமும் புரதத் துணுக்குகளும் படிகமாக்கும் கட்டம் வரை கூடவே வந்து தொல்லை தருவது மறுபக்கம். பிளாஸ்டிக் தயாரிப்பவர் வெள்ளை வெளேரென்ற படிகத்தைத்தான் வாங்குவார்.

கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம் பற்றியும் ஒரு சொல். 1950-களில் ஜப்பானின் கியோவா ஹக்கோவில் குளுட்டாமிக் அமிலத்துக்காகக் கண்டெடுக்கப்பட்டு, இன்று லைசின் உள்ளிட்ட அமினோ அமிலங்களை லட்சக்கணக்கான டன்களில் தந்துகொண்டிருக்கும் உழைப்பாளி அது. ஜப்பானின் ரைட் ஆய்வு நிறுவனம் அதைக் காற்றோடு வளர்த்து, பிறகு அடர்த்தியாகச் சேர்த்து, ஆக்சிஜனை நிறுத்திவிட்டு லிட்டருக்கு 146 கிராம் சக்சினிக் அமிலம் வரை எடுத்தது. செல்கள் அப்போது வளர்வதில்லை; உருவாக்கும் வேலை மட்டுமே நடக்கிறது. அருமையான உத்தி. இருந்தாலும் பி.எச். பிரச்சினை அங்கும் தீரவில்லை.

ஈஸ்ட்டின் பக்கம் வருவோம். பயோஆம்பரின் முடிவே எனக்கு இந்த ஒப்பீட்டில் மிக முக்கியமான சாட்சி. பிரான்சின் பொமாக்கிலில் நடந்த அவர்களுடைய முன்னோட்ட ஆலை ஈ.கோலையில் ஓடியது. பல ஆண்டு அனுபவம் கையிலிருந்தும், சார்னியாவில் ஆண்டுக்கு 30,000 டன் திறனுள்ள ஆலையைக் கட்டும்போது அந்த பாக்டீரியாவைக் கைவிட்டு, கார்கில் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற ஈஸ்ட்டுக்கு மாறினார்கள். பழகிய உயிரை விட்டுவிட்டுப் புதிய உயிருக்குப் போவது சின்ன முடிவு அல்ல. பிரித்தெடுக்கும் செலவை அருகிலிருந்து பார்த்தவர்கள்தான் அதை எடுப்பார்கள். கார்கில் நிறுவனமே லாக்டிக் அமிலத்துக்கும் முன்னதாக இதே காரணத்தால் அமிலம் தாங்கும் ஈஸ்ட்டுக்கு மாறியிருந்தது.

பி.எச். 3-ஐ ஒட்டி நொதிக்க வைத்தால் காரத்தின் தேவை வெகுவாகக் குறைகிறது. கந்தக அமிலமும் அப்படியே. செல்களை வடிகட்டி, திரவத்தைச் சுண்டவைத்துக் குளிரவைத்தால் அமிலம் படிகமாக இறங்கத் தொடங்கும். சக்சினிக் அமிலம் 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 60 கிராமே கரையும், சூடாக இருக்கும்போதோ அதைப் போலப் பல மடங்கு கரையும் என்பதால் இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹுய்மின் ஜாவ் குழு அண்மையில் இசாட்சென்கியாவை வைத்து இதை முழுமையாகச் செய்து காட்டியது. பி.எச். 3-இல், கரும்புச் சாற்றிலேயே, லிட்டருக்கு 104.6 கிராம். பெரிய முன்னோட்டக் கலனில் அது 63.1 கிராமாகக் குறைந்தது. ஆனால் அந்தத் திரவத்திலிருந்து நேரடியாகப் படிகமாக்கி 64 விழுக்காடு அமிலத்தை எடுத்தார்கள். கரும்பு விளையும் நாட்டில் இருக்கும் நாம் இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஈஸ்ட்டின் குறைகளை மறைக்கக் கூடாது. மெதுவாக வளரும். இசாட்சென்கியாவில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருப்பதால் எதை நீக்கினாலும் இரண்டு முறை நீக்க வேண்டும். வினைகள் மைட்டோகாண்ட்ரியாவிலும் வெளியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் எத்தனாலுக்கு ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரையிலிருந்து கிடைக்கும் அமிலத்தின் விகிதம் பாக்டீரியாவைவிடக் குறைவு.

இந்தக் கடைசிக் குறைதான் உண்மையான எடைபோடலுக்கு உரியது. இங்ராம் குழுவின் சிறந்த ரகங்களில் ஒன்று சர்க்கரையின் எடைக்கு ஏறத்தாழச் சமமான அமிலத்தைத் தந்தது. ஈஸ்ட் 65 விழுக்காடு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டன் அமிலத்துக்கு ஈஸ்ட் வழியில் அரை டன்னுக்குச் சற்று அதிகமான சர்க்கரை கூடுதலாக வேண்டும். பாக்டீரியா வழியில் 0.29 டன் அமோனியாவும் 0.83 டன் கந்தக அமிலமும் வாங்கி, 1.12 டன் அமோனியம் சல்பேட்டைத் தூய்மையாக்கி விற்க வேண்டும். அதற்கான ஆவியாக்கிகளையும் பிரிப்புக் கோபுரங்களையும் கட்ட வேண்டும். உங்கள் ஊர்ச் சர்க்கரை விலையையும் கந்தக அமில விலையையும் இந்த வரியில் போட்டுப் பாருங்கள். சர்க்கரை மிக விலையாகவும், பக்கத்திலேயே உர ஆலை உப்பை வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருக்கும் இடத்தில் பாக்டீரியா வெல்லலாம். கரும்புச் சாறு மலிவாகக் கிடைத்து, உப்பை விற்க வழியில்லாத இடத்தில் ஈஸ்ட் தெளிவாக வெல்லும்.

இரண்டும் நெருங்கி வந்தால் நான் ஈஸ்ட்டையே தேர்ந்தெடுப்பேன். அதன் குறை உயிரியல் குறை. உழைத்தால் குறைக்கலாம், ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டும் வருகிறது. பாக்டீரியாவின் குறை வேதியியல் சமன்பாட்டில் இருக்கிறது, நடுநிலை பி.எச்.-இல் நொதிக்கும் வரை எந்த மரபணு மாற்றமும் ஒரு கிலோ கந்தக அமிலத்தைக்கூட மிச்சப்படுத்தித் தராது.

ஆலை நடத்துபவருக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள், அதாவது ஃபேஜ்கள், ஒருமுறை ஆலைக்குள் புகுந்தால் கலனில் உள்ள மொத்தச் செல்களும் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். ஈஸ்ட்டுக்கு அப்படிப்பட்ட எதிரி இல்லை. பி.எச். 3-இல் கண்ட கண்ட கிருமிகளும் எளிதில் வளராது என்பதால் கிருமிநீக்கத்தின் சுமையும் குறைகிறது. அடுத்தது வெப்பம். சாதாரண ஈஸ்ட்டுக்கு 30 பாகை ஏற்றது. நம் கோடையில் கூலிங் டவரிலிருந்து வரும் தண்ணீரே அந்த வெப்பத்தை ஒட்டி இருக்கும். நொதித்தல் வெளியிடும் வெப்பத்தை அதைக் கொண்டு எடுக்க முடியாமல் குளிரூட்டும் இயந்திரத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஈ.கோலை 37 பாகையில் ஓடும் என்பது இங்கே அதற்குச் சாதகம். இசாட்சென்கியா 40 பாகையை ஒட்டியும் தாங்கும் என்பதால், சாதாரண ஈஸ்ட்டை விட்டு அதைத் தேர்ந்தெடுக்க நமக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் ஈ.கோலையையே ஒதுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொருள் அமிலமாக இல்லாவிட்டால் தராசு மறுபக்கம் சாயும். டூபாண்ட், டேட் அண்ட் லைல் நிறுவனங்கள் சேர்ந்து டென்னசி மாநிலத்தின் லௌடனில் 2006-இல் தொடங்கிய 1,3-புரொப்பேன்டையால் ஆலை ஈ.கோலையில் ஓடுகிறது. சர்க்கரையைக் கிளிசராலாக்கும் மரபணுக்கள் ஈஸ்ட்டிலிருந்தும், அடுத்த படிக்கானவை கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிலிருந்தும் வந்தவை. கடைசிப் படியை ஈ.கோலையின் சொந்த நொதியே முடிக்கிறது. லிட்டருக்கு 135 கிராம் வரை எட்டினார்கள். அந்தப் பொருள் ஓர் ஆல்கஹால். அதை உப்பாக்கவும் வேண்டாம், மீண்டும் அமிலமாக்கவும் வேண்டாம். நீரை ஆவியாக்கிக் காய்ச்சி வடித்தால் போதும்.

1,4-பியூட்டேன்டையால் என்ற இன்னோர் ஆல்கஹாலின் கதை இன்னும் தெளிவானது. எந்த உயிரும் இயற்கையில் உருவாக்குவதாகத் தெரியாத பொருள் அது. சான் டியகோவின் ஜெனோமாட்டிகா நிறுவனம் கணினியில் வழிகளைத் தேடி, ஈ.கோலைக்குள் புதிய பாதை ஒன்றையே அமைத்து, 2011-இல் லிட்டருக்கு 18 கிராம் என்று வெளியிட்டது. 2016-இல் இத்தாலியின் பொத்திரிகேயில் நோவாமோன்ட் அதே தொழில்நுட்பத்தில் ஆண்டுக்கு 30,000 டன் திறனுள்ள ஆலையைத் திறந்தது. இத்தனை மரபணுக்களைச் சேர்த்து, நீக்கி, நுணுக்கி அமைக்கும் வேலையை ஐந்தாறு ஆண்டுகளில் முடிக்க ஈ.கோலையை விட்டால் வேறு உயிர் இல்லை. சுவையான செய்தி என்னவென்றால், அந்தப் பாதை செல்லுக்குள் சக்சினிக் அமிலத்தின் வழியாகத்தான் போகிறது. அமிலமாக வெளியே விட்டால் உப்புச் சுமை. உள்ளேயே இரண்டு ஆல்கஹால் முனைகளாக மாற்றி வெளியே விட்டால் அந்தச் சுமையே இல்லை.

அந்த நான்கு ஆலைகளுக்கும் வந்த நெருக்கடியைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. கச்சா எண்ணெய் விலை 2014-இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்தது; 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. பியூட்டேன் வழி அமிலம் மலிவானது. சர்க்கரையின் விலை அதனோடு சேர்ந்து அந்த அளவுக்கு விழவில்லை. மிகச் சிறந்த ஈஸ்ட்டை வைத்திருந்த பயோஆம்பர் 2018-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2019-இல் ரெவெர்டியா கூட்டு முயற்சியும் கலைந்தது. உயிரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. பெட்ரோலியத்தோடு நேருக்கு நேர் விலையில் மோதும் பொருளாகவே அது இருந்ததும், பெரிய அளவில் வாங்குவார்கள் என்று எதிர்பார்த்த மட்கும் பிளாஸ்டிக் சந்தை நினைத்த வேகத்தில் வளராததும் அவர்களை வீழ்த்தின. ஆகவே உயிரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, எண்ணெய் 30 டாலருக்கு விற்கும் ஆண்டிலும் இந்தப் பொருளுக்கு வாங்குபவர் இருப்பாரா என்று கேட்டாக வேண்டும்.

இன்று ஒரு குழு சக்சினிக், லாக்டிக், இட்டகோனிக் போன்ற ஏதாவதொரு அமிலத்தைக் கையில் எடுத்தால், மரபணுவைத் தொடுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்வேன். முதலாவது, இறுதியில் எட்ட விரும்பும் அளவு அமிலத்தைக் கடையில் வாங்கிக் குடுவையில் கரைத்து, பி.எச்.-ஐ 3-க்குக் கொண்டுவந்து, பரிசீலிக்கும் ஒவ்வோர் உயிரையும் அதில் விட்டு, எது சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டாவது, உங்கள் ஊரில் வாங்கவிருக்கும் அதே கரும்புச் சாற்றிலோ வெல்லப்பாகிலோ அந்த அமிலத்தைக் கலந்து, நொதித்து முடிந்த திரவத்தைப் போல ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து வெள்ளைப் படிகத்தை எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது. வெல்லப்பாகின் நிறமும் உப்புகளும் இங்கேயே தம் குணத்தைக் காட்டிவிடும். இரண்டுக்கும் சில வாரங்களும் சொற்பச் செலவுமே ஆகும். இந்தச் சோதனைகளில் ஈஸ்ட் தேறினால் அதிலேயே தொடங்குங்கள். தேறாவிட்டால், அதே அமிலத்தைச் செல்லுக்குள்ளேயே ஆல்கஹாலாகவோ எஸ்டராகவோ மாற்றி விற்க வழியுண்டா என்று பாருங்கள், உண்டென்றால் ஈ.கோலையை எடுங்கள். நடுநிலை பி.எச்.-இல் அமிலத்தை உப்பாக எடுக்கும் வழியை, அந்த உப்பை வாங்கிக்கொள்ள ஒருவர் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் பரிசீலிக்கலாம்.